பழைய வேகக் காரின் எஞ்சின்: பழுது நீக்குவதா, விடை கொடுப்பதா?

கடந்த இருபது ஆண்டுகளில் நம் நாட்டுச் சாலைகளில் ஒரு தனி வகைக் கார்கள் இடம்பிடித்தன. பார்வைக்குக் குடும்பக் கார். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பந்தயக் காரின் சாயல். 2004இல் அறிமுகமான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 2011இல் வந்த ஸ்கோடா லாரா வி.ஆர்.எஸ்., 2013இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2015இல் வந்த அபார்த் புன்டோ ஆகியவை இவ்வகையில் பலரும் விரும்பி வாங்கியவை. புதிதாக வாங்கியோரும், பின்னர் இரண்டாம் கையாக வாங்கியோரும் அவற்றை இன்றளவும் பேணி வருகின்றனர்.

இவற்றுக்காக வாங்கிய வாகனக் கடன்கள் பெரும்பாலும் அடைந்துவிட்டன. இப்போது அதே கார்களுக்காகச் சிலர் வங்கியை மீண்டும் நாடுகின்றனர். எஞ்சினில் புகை வருகிறது; பணிமனையில் இரண்டரை லட்சம், மூன்று லட்சம் என மதிப்பீடு தருகின்றனர்; தனிநபர் கடன் கிடைக்குமா, வைப்புத்தொகையை உடைக்கலாமா என்பது கேள்வி. கடன் கிடைக்குமா என்பதற்கு விடை சொல்வது எளிது. வாங்க வேண்டுமா என்பதற்கு விடை காண ஒரு முறையான கணக்கு தேவைப்படுகிறது. அக்கணக்கை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

முதல் செலவு: நோயறிதல்

எஞ்சின் 'போய்விட்டது' என்ற சொல் பல வேறுபட்ட பழுதுகளைக் குறிக்கிறது. நீல நிறப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். வண்டி சூடான பிறகும் வெண்புகை தொடர்ந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் உள்ளே கசிகிறது என ஐயுறலாம். கரும்புகை, எரிபொருள் மிகுதியாகச் செல்வதன் அடையாளம். ஆயினும் ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும் என்பதே இங்கு முக்கியம்.

நீலப் புகையையே எடுத்துக்கொள்வோம். கிராங்க் அறையின் காற்றை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு கெட்டிருந்தாலும் எண்ணெய் எரியும். அதனை மாற்றச் சில ஆயிரம் ரூபாய் போதும். டர்போவின் சீல் தேய்ந்திருந்தாலும் எரியும். அதன் செலவு நடுத்தரமானது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தோ, கரி படிந்து ஒட்டியோ போயிருந்தாலும் எரியும். அப்போது எஞ்சினை இறக்கியாக வேண்டும், செலவு லட்சங்களைத் தொடும். அதுபோலவே, நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் டி.எஸ்.ஐ. வகை எஞ்சின்களில் உள்வால்வுகளின்மேல் கரி படிவது இயல்பு. அதனால் வண்டி திணறும், சக்தி குறையும். உரிமையாளர் எஞ்சினே முடிந்துவிட்டது என அஞ்சுவார். வால்வுகளைச் சுத்தம் செய்தாலே குறை தீர்ந்துவிடும்.

எனவே மதிப்பீடு கேட்கும் முன் சோதனை கேட்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளத்தல், எந்த வழியாகக் காற்று கசிகிறது என்பதைக் காட்டும் லீக்டவுன் சோதனை, சிறு கேமராவை உட்செலுத்திச் சிலிண்டர் சுவரைப் பார்த்தல், எண்ணெய் அழுத்தத்தைத் தனி மானியால் அளத்தல் ஆகிய நான்கும் எஞ்சினைத் திறக்காமலேயே செய்யக்கூடியவை. கம்ப்ரஷன் அளவு ஒரு சிலிண்டரில் மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் பழுது அங்கே உள்ளது எனலாம். நான்கிலும் ஒருசேரக் குறைந்திருந்தால் அது பொதுவான தேய்மானம். சோதனை முடிவுகளை எண்களாக எழுதி வாங்குதல் நலம். முடிந்தால் வேறொரு பணிமனையிலும் அவற்றைக் காட்டிக் கருத்துக் கேட்கலாம்.

இரண்டு அறிகுறிகளை மட்டும் தள்ளிப் போடலாகாது. எண்ணெய் அழுத்த விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வது. எண்ணெய் இன்றிச் சில நொடிகள்கூட அது தாங்காது. காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது சங்கிலி உரசும் ஓசை கேட்டால் டைமிங் செயினையும் டென்ஷனரையும் உடனே பார்க்க வேண்டும். தொடக்கக் காலத்து 1.8 லிட்டர் டி.எஸ்.ஐ. எஞ்சின்களில் டென்ஷனர் தளர்வது உலகளவில் அறியப்பட்ட ஒன்று. செயின் பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையக்கூடும். அறுபதாயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை மும்மடங்காகப் பெருகுவது இப்படித்தான்.

எதை எதனுடன் ஒப்பிடுவது?

'காரின் விலையே நான்கு லட்சம்; எஞ்சினுக்கு மூன்று லட்சம் போடுவது அறிவீனம்' என்பார் சிலர். 'இந்தக் காருக்கு ஏற்கெனவே எவ்வளவோ செலவழித்துவிட்டேன். இப்போது விட்டுவிட முடியுமா?' என்பார் வேறு சிலர். இரண்டும் தவறான ஒப்பீடுகள். முன்பு செலவழித்த பணம் எந்த முடிவை எடுத்தாலும் திரும்பாது. ஆதலால் அதற்குக் கணக்கில் இடமில்லை. காரின் சந்தை விலையும் தனித்து நின்று எதையும் சொல்லாது. காரை விற்றுவிட்டால் உங்களுக்கு வேறொரு கார் தேவைப்படும். அதற்கும் விலை உண்டு.

சரியான கேள்வி இதுதான்: இன்று முதல் கணக்கிட்டால், எந்த வழியில் ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும்?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தொகைகள் கணக்கை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் விலைகளை அவ்விடங்களில் இட்டுக்கொள்ளலாம். புணேயில் 2011இல் பதிவான லாரா வி.ஆர்.எஸ். ஒன்று. பழுதான நிலையில் இன்று விற்றால் 1,50,000 ரூபாய் கிடைக்கும். எஞ்சின் வேலைக்கு வரி உட்பட மதிப்பீடு 2,50,000 ரூபாய். எஞ்சினைத் திறந்த பிறகு புதிய குறைகள் தென்படுவது வழக்கம் என்பதால் ஐந்தில் ஒரு பங்கான 50,000 ரூபாயைச் சேர்த்து 3,00,000 என்று கொள்வோம். அடுத்த நான்கு ஆண்டுகளில் கிளட்ச், சஸ்பென்ஷன், டயர் ஆகியவற்றுக்கு 90,000. நான்காம் ஆண்டின் முடிவில் ஓடும் நிலையில் விற்றால் 2,00,000 கிடைக்கும்.

பழுது நீக்கும் வழி: இன்று விற்காமல் விடும் 1,50,000, எஞ்சின் செலவு 3,00,000, பிற பராமரிப்பு 90,000, மொத்தம் 5,40,000. இறுதியில் கிடைக்கும் 2,00,000 ரூபாயைக் கழித்தால் 3,40,000. நான்கால் வகுக்க, ஆண்டுக்கு 85,000 ரூபாய்.

மாற்று வழி: ஐந்து ஆண்டு பழைய வேறொரு காரை 7,00,000 ரூபாய்க்கு வாங்குதல். பெயர் மாற்றம் முதலிய செலவு 20,000, நான்கு ஆண்டுப் பராமரிப்பு 60,000, மொத்தம் 7,80,000. இறுதியில் அது 4,00,000 ரூபாய்க்கு விற்றால் நிகரச் செலவு 3,80,000. ஆண்டுக்கு 95,000 ரூபாய். இவ்வழியில் தொடக்கத்திலேயே அதிகப் பணம் முடங்குவதால் இழக்கும் வட்டியையும் சற்றுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 15 லட்சத்திற்குப் புதிய கார் வாங்கி நான்கு ஆண்டுகளில் அதன் மதிப்பு 8,50,000 ஆகக் குறைந்தால், தேய்மானம் மட்டுமே ஆண்டுக்கு 1,62,500 ரூபாய்.

நான்கு லட்சம் பெறும் காருக்கு மூன்று லட்சம் போடுவது அறிவீனம் என்ற முடிவு இக்கணக்கில் நிற்கவில்லை. ஆனால் இதே கணக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. செய்த வேலை சரியில்லாமல் இரண்டே ஆண்டில் எஞ்சின் மீண்டும் பழுதானால் என்ன ஆகும்? 1,50,000, 3,00,000, அதுவரையிலான பராமரிப்பு 45,000 எனச் செலவு 4,95,000. பழுதான வண்டி 1,00,000 ரூபாய்க்கு விற்றால் நிகரம் 3,95,000. ஆண்டுக்கு 1,97,500 ரூபாய். புதிய கார் வாங்கியிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. பழுது நீக்கும் வழியின் இலாபம் முழுவதும் அந்த எஞ்சின் எத்தனை ஆண்டு ஓடும் என்பதில் அடங்கியிருக்கிறது.

ஆண்டுகளின் எண்ணிக்கையைச் சட்டமும் தீர்மானிக்கும்

எஞ்சின் ஓடினாலும் கார் சாலையில் ஓட அனுமதி வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவுச் சான்றிதழ் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, படிவம் 25 அளித்து, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஆக்கப்பட்டது. மாநில அரசுகள் விதிக்கும் பசுமை வரி தனி. நம் எடுத்துக்காட்டில் உள்ள கார் 2026இல் 15 ஆண்டை நிறைவு செய்கிறது. எனவே புதுப்பிப்புக்கான செலவையும், சோதனையில் கண்டறியப்படும் குறைகளைத் தீர்க்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவு முடியும் தறுவாயில் இருந்தால், தகுதிச் சோதனையில் தேறத் தேவையான பிற வேலைகள் எவை என்பதை எஞ்சினில் கை வைக்கும் முன்பே விசாரித்தறிவது நல்லது.

தில்லித் தலைநகர்ப் பகுதியில் வாழ்வோர் மேலும் கவனமாக இருக்க வேண்டும். 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் அங்கு ஓடலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது; உச்ச நீதிமன்றம் 2018இல் அதனை உறுதி செய்தது. இதன் நடைமுறை குறித்து 2025இலும் நீதிமன்ற ஆணைகள் வந்துள்ளன. ஆகவே பணம் செலவழிக்கும் நாளில் உள்ள நிலையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். நான்கு ஆண்டு எனக் கொண்ட கணக்கு ஓராண்டாகச் சுருங்கினால் விடை தலைகீழாகிவிடும்.

பழைய எஞ்சினை வாங்கிப் பொருத்துதல்

தில்லியின் மாயாபுரி, மும்பையின் குர்லா, சென்னையின் புதுப்பேட்டை போன்ற உதிரிச் சந்தைகளில், விபத்துக்குள்ளாகிப் பிரிக்கப்பட்ட கார்களின் எஞ்சின்கள் கிடைக்கின்றன. எஞ்சினைப் பிரித்து முழு வேலை செய்வதைக் காட்டிலும் இது மலிவாகத் தோன்றும். ஆனால் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் குறிக்கப்பட்டுள்ளது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அலுவலரின் ஒப்புதல் வேண்டும். புதிய எண்ணைச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். கார் இன்னும் வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ இசைவையும் பெற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவிக்க வேண்டும். அந்த எஞ்சின் எந்த வண்டியுடையது, அவ்வண்டியின் பதிவு நீக்கப்பட்டதா என்பதற்கு ஆவணமும் விற்பனைச் சீட்டும் இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். திருட்டு வண்டியின் எஞ்சின் என்று பின்னர் தெரியவந்தால் இழப்பு பணத்தோடு நிற்காது.

காப்பீடு எதைத் தரும், எதைத் தராது?

முழுமையான மோட்டார் காப்பீடும் தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் திட்டம் முக்கியமாக நீர் புகுதல், எண்ணெய்க் கசிவு போன்றவற்றால் விளையும் சேதத்துக்கானது. பழைய கார்களுக்கு அதனைப் பெறுவதும் எளிதன்று.

பலரும் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. ஐந்து ஆண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் ஒப்புக்கொள்ளும் தொகையாகும். எஞ்சினுக்கு மூன்று லட்சம் செலவழித்ததால் அது தானாக உயர்ந்துவிடாது. விபத்தில் சீர்செய்யும் செலவு அம்மதிப்பின் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கருதப்படும். காப்பீட்டு மதிப்பு இரண்டரை லட்சமாக இருக்க, எஞ்சின் வேலை முடிந்த மறு மாதமே இரண்டு லட்சம் ரூபாய்ச் சேதம் நேர்ந்தால், மதிப்புத் தொகையே மிஞ்சும். எஞ்சினில் போட்ட பணம் போய்விடும். எனவே பணிமனை ரசீதுகளைக் காட்டி, அடுத்த புதுப்பிப்பின்போது நியாயமான மதிப்பைக் கேட்டுப் பெறுங்கள். எஞ்சின் கணினியின் நிரலை மாற்றிச் சக்தியைக் கூட்டியிருந்தால் அதனையும் மறைக்காமல் தெரிவிப்பதே பாதுகாப்பு.

பணம் எங்கிருந்து வர வேண்டும்?

காரின் பழுதுக்கு வழக்கமான வாகனக் கடன் பொதுவாகக் கிடைப்பதில்லை. தனிநபர் கடன், வைப்புத்தொகையின் பேரில் கடன், நகைக் கடன் ஆகியவையே வழிகள். 3,00,000 ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 9,964 ரூபாய். மொத்த வட்டி சுமார் 58,700. அதையே ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை 6,673 ரூபாயாகக் குறையும். வட்டி சுமார் 1,00,400 ரூபாயாகக் கூடும்.

தவணை மூவாயிரத்துச் சொச்சம் குறைவதைக் கண்டு ஐந்து ஆண்டைத் தேர்ந்தெடுப்போர் உண்டு. நம் எடுத்துக்காட்டில் கார் ஓடப்போவது நான்கு ஆண்டுகள். ஐந்தாம் ஆண்டில், கையில் இல்லாத காரின் எஞ்சினுக்குத் தவணை கட்ட வேண்டிவரும். அதே வேளையில் அடுத்த காருக்கான கடனும் தொடங்கியிருக்கும். ஆகவே ஒரு விதியை உறுதியாகக் கொள்ளலாம்: கடனின் காலம் எஞ்சினின் எதிர்பார்க்கும் ஆயுளைத் தாண்டக் கூடாது, அதில் பாதியாக இருந்தால் இன்னும் நல்லது. அவ்வளவு குறுகிய காலத்தின் தவணையைக் குடும்ப வரவு தாங்காது என்றால், அந்த எஞ்சின் வேலையையும் தாங்காது என்பதே பொருள்.

வைப்புத்தொகை இருப்பின் அதனை முன்கூட்டி உடைக்காமல் அதன் பேரில் கடன் பெறுவதை முதலில் ஆராயுங்கள். வட்டி பெரும்பாலும் வைப்பு வட்டியைவிட ஓரிரு விழுக்காடே கூடுதல். மிகைப்பற்றாகப் பெற்றால், எடுத்த தொகைக்கு எடுத்த நாள்களுக்கு மட்டுமே வட்டி. கடன் அட்டையில் தேய்த்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருவது எல்லாவற்றிலும் கொடிது; அவ்வட்டி ஆண்டுக்கு 36 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். எந்தக் கடனாயினும் அதன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் அதனை வழங்குவது கட்டாயம். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்கும். பிள்ளைகளின் கல்விக்கெனவோ மருத்துவ அவசரத்துக்கெனவோ ஒதுக்கிய வைப்பில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

பணிமனையுடன் எழுத்தில் ஒப்பந்தம்

மதிப்பீடு எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உதிரிப்பாகம், எந்த நிறுவனத்துடையது, கூலி எவ்வளவு, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்பவை அதில் இடம்பெற வேண்டும். எஞ்சினைத் திறந்த பிறகு செலவு குறித்த எல்லையைத் தாண்டும் எனத் தெரிந்தால், வேலையை நிறுத்தி உங்களைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கவும். அந்த எல்லை, மேலே கண்ட ஆண்டுக் கணக்கில் மாற்று வழியைவிட மலிவாக இருக்கும் அளவுக்குள் இருக்கட்டும். சிலிண்டர், கிராங்க் ஆகியவற்றின் லேத் பட்டறை அளவுகளையும், கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர், மீண்டும் திறக்க நேர்ந்தால் கூலி யாருடையது என்பவை தெளிவாகட்டும். முழுப் பணத்தையும் முன்பணமாகத் தராமல் வேலையின் கட்டங்களுக்கேற்பத் தருவது வழக்கமாக இருக்கட்டும்.

விடை கொடுப்பதாயின்

கணக்கு எதிராக அமைந்தால், பழுதை மறைக்காமல் சொல்லி விற்பதே முதல் வழி. இவ்வகைக் கார்களைப் பழுதோடு வாங்கிச் சீரமைப்போர் எல்லாப் பெருநகரங்களிலும் உள்ளனர். விற்ற அன்றே பெயர் மாற்றத்துக்கான படிவங்களில் கையெழுத்திட்டு, மாற்றம் முடியும்வரை கண்காணிக்க வேண்டும். பழைய கடனின் குறிப்பு பதிவுச் சான்றிதழில் நீக்கப்படாமல் இருந்தால், வங்கியிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் பெற்று அதனை முதலில் நீக்குங்கள். எவரும் வாங்காத நிலையெனில், பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைக்கலாம். அங்குத் தரப்படும் ஒப்படைப்புச் சான்றைக் காட்டினால் புதிய வாகனத்தின் பதிவுக் கட்டணம் தள்ளுபடியாகும். சொந்தப் பயன்பாட்டு வாகனங்களுக்கு மோட்டார் வாகன வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தரவும் விதிகளில் இடமுண்டு.

இவ்வளவு கணக்குக்குப் பின்னும் ஒன்று மிஞ்சும். மலைச்சாலை வளைவில் இரண்டாம் கியரில் அந்த எஞ்சின் இழுக்கும் இழுப்பை எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது. அந்த இன்பத்துக்கு மதிப்பில்லை என நாம் சொல்ல மாட்டோம். அதன் விலையை அறிந்து கொடுங்கள் என்றே சொல்வோம். பழுது நீக்கும் வழி ஆண்டுக்கு 30,000 ரூபாய் கூடுதலாகிறது என்றால், அது மாதம் 2,500 ரூபாய். அத்தொகையை ஒரு பொழுதுபோக்குக்கு மனமுவந்து, வீட்டாரின் சம்மதத்தோடு, கடனின்றிக் கொடுப்பீர்களானால் எஞ்சினைத் தாராளமாக இறக்கச் சொல்லுங்கள். வீட்டாரிடம் அத்தொகையைச் சொல்லத் தயக்கம் வருமானால், பணிமனைக்குச் சாவியைக் கொடுக்கும் முன் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருங்கள்.